குழந்தைகள் எந்தக் காலத்தில் அடங்கி உட்கார்ந்தார்கள்? வெளியே சாப்பிடப் போன வரலாறு

சென்ற பள்ளி விடுமுறைக்கு முன்பு படிவம் ஐந்து மாணவர்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தேன். வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் "உங்க காலத்துல சின்னப் பிள்ளைங்கள வெளிய சாப்பிடக் கூட்டிட்டுப் போனா எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டு, அரைப் பக்கம் எழுதி வர வேண்டும். வாய்மொழி வரலாறு எழுதப் பழகுவதற்கான பயிற்சி, அவ்வளவுதான். வந்த தாள்களில் பெரும்பாலானவை ஒரே பாட்டைத்தான் பாடின: "எங்க காலத்துல பிள்ளைங்க ஒழுங்கா இருந்துச்சுங்க. கண்ணால ஒரு பார்வை பார்த்தா போதும். இப்பத்தான் கைப்பேசிய கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க."

ஒரே ஒரு தாள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஒரு பாட்டி பேத்தியிடம் திருப்பிக் கேட்டிருக்கிறார்: "நாங்க எங்கடி கடைக்குப் போனோம், சமாளிக்கிறதுக்கு?"

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரை. தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். குழந்தை வளர்ப்பு, தொழில்நுட்பம், குடும்ப உறவு என்று எந்தத் தலைப்பு வந்தாலும் "அக்காலத்தில் குழந்தைகள் அடக்கமாக வளர்ந்தனர்" என்று முதல் பத்தியைத் தொடங்குகிற பழக்கம் நம் மாணவர்களிடம் உண்டு. அந்த வாக்கியத்துக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆதாரத்தைத் தேடிப் போனால் கிடைப்பது அதற்கு நேர்மாறான சாட்சிதான்.

சாட்சி சங்க இலக்கியத்திலேயே தொடங்குகிறது. நற்றிணையின் 110ஆம் பாடலைப் பாருங்கள். போதனார் பாடியது. தேன் கலந்த பால், பொற்கிண்ணம், கையில் சின்னக் கோல். இத்தனையும் வைத்துக்கொண்டு செவிலித்தாய் ஒரு சிறுமியைச் சாப்பிட வைக்கப் பார்க்கிறாள். சிறுமியோ முத்துப் பரல் போட்ட சிலம்பு ஒலிக்கத் தப்பி ஓடுகிறாள். நரைத்த தலையோடு பின்னால் ஓடிய செவிலியர் களைத்து நின்றுவிடுகிறார்கள். அந்த விளையாட்டுப் பெண்தான் இன்று புகுந்த வீட்டு வறுமையில் வேளை தவறி உண்டும் தந்தை வீட்டுச் சோற்றை நினைக்காமல் இருக்கிறாள் என்று வியப்பதுதான் பாடலின் பொருள். நாம் அந்த வியப்பைத்தான் விளக்கிப் பாடம் நடத்துகிறோம். ஆனால், சற்று நில்லுங்கள்: செல்வர் வீடு, பொற்கிண்ணம், மிரட்டக் கோல், பல ஆயாமார். அப்படியிருந்தும் குழந்தை சாப்பிட உட்காரவில்லை!

புறநானூற்றின் 188ஆம் பாடல் இன்னொரு சாட்சி. இதைப் பாடியவர் பாண்டியன் அறிவுடை நம்பி, ஓர் அரசர். குழந்தை குறுகக் குறுக நடந்து வருகிறது. சின்னக் கையை நீட்டுகிறது. சோற்றைக் கீழே போடுகிறது, தொடுகிறது, வாயில் வைக்கிறது, கையால் துழாவுகிறது, நெய்ச் சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. இப்படி மயக்கும் மக்கள் இல்லாதவர்க்கு வாழ்நாளில் பயனே இல்லை என்று முடிக்கிறார் அரசர். பலரோடு சேர்ந்து உண்ணும் பெருஞ்செல்வர் வீட்டு உணவுக் காட்சி அது. இன்று தேக்காவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் ஒரு குழந்தை இதையே செய்தால், பக்கத்து மேசைக்காரர் முகத்தைச் சுளிக்கிறார், பெற்றோர் கூனிக் குறுகுகிறார்கள். ஈராயிரம் ஆண்டு கடந்தும் குழந்தை அப்படியே இருக்கிறது. பார்க்கிற கண்தான் வேறு.

அடுத்த சாட்சி பிள்ளைத்தமிழ். பத்துப் பருவங்களில் ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொதுவான ஏழில் கடைசியாக வருவது அம்புலி. ஏறக்குறைய ஒன்றரை வயதுக் குழந்தையோடு விளையாட வா என்று நிலவைக் கூப்பிடுகிற பருவம். இப்படி அழைப்பதற்குப் புலவர்கள் சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நான்கு உபாயங்களையும் கையாள வேண்டும் என்பது மரபு. நீயும் இந்தக் குழந்தையும் ஒன்று என்று இதமாகப் பேசுவது, உனக்கும் இவனுக்கும் எவ்வளவு வேற்றுமை என்று காட்டுவது, வந்தால் உனக்கு இன்னது கிடைக்கும் என்பது, வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று மிரட்டுவது. பிள்ளைத்தமிழ் பாடுகிறவர்களுக்கு அம்புலிதான் புலி என்று சும்மா சொல்லவில்லை, அவ்வளவு கடினம்.

இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஓர் உணவகத்தில் அரை மணி நேரம் காதைத் தீட்டி உட்காருங்கள். "என் தங்கம்ல, சமத்துல, ஒரு வாய்" என்பது சாமம். "அங்க பாரு, அந்தத் தம்பி எவ்வளவு அழகாச் சாப்பிடுறான், நீ மட்டும்?" என்பது பேதம். "முடிச்சா ஐஸ்கிரீம்" தானம். "கடைக்கார அங்கிள் வந்து பிடிச்சிட்டுப் போயிடுவாரு" தண்டம். நிலவை அழைக்கப் புலவர் எடுத்த நான்கு கருவிகளையும் நம் அம்மாக்கள் ஒரு தோசை முடிவதற்குள் எடுத்துவிடுகிறார்கள். உபாயங்களை மாணவர்க்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

சரி, பாட்டியின் கேள்விக்கு வருவோம். அவர் சொன்னது உண்மை. மலாயாத் தோட்டப்புறத்தில் வளர்ந்த தலைமுறைக்கு வெளியே சாப்பிடுவது என்பது அன்றாடப் பழக்கமே அல்ல. விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போக வேண்டிய தாய், தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பால்மரக் காட்டுக்கு நடப்பார். கைக்குழந்தைகளையும் நடை பழகும் பிள்ளைகளையும் அங்கே ஓர் ஆயாதான் பார்த்துக்கொள்வார். பட்டணத்துக்குப் போவது சம்பளம் போட்ட பிறகு, சாமான் வாங்க. அப்போதும் அப்பா தனியாகவோ பெரிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டோதான் போவார். கடையில் அடங்கி உட்கார்ந்த பிள்ளை என்று தாத்தாக்கள் நினைவில் வைத்திருப்பது, பெரும்பாலும் ஏழெட்டு வயதுப் பிள்ளையை. இரண்டு வயதுக் குழந்தை அந்த நினைவிலேயே இல்லை, ஏனென்றால் அது கடைக்கு வரவில்லை.

அந்தக் குழந்தை வெளியே சாப்பிட்ட இடம் ஒன்று உண்டு என்றால் அது பந்தி. கோயில் அன்னதானம், கல்யாணம், சடங்கு, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல். பந்தியை இரண்டு வயதுக் குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தால் எத்தனை வசதி என்பது புரியும். தரையில் உட்காருவதால் விழுவதற்கு இடமில்லை. உட்கார்ந்ததும் இலை, இலை விழுந்ததும் சோறு. காத்திருத்தல் கிடையாது. "பிள்ளைங்களுக்கு முதல்ல போடுங்க" என்று ஒரு குரல் எப்படியும் எழும். அழுதால் தூக்கிக்கொண்டு போக அத்தை, சித்தி, பெரியக்கா என்று பல கைகள். சிந்தினால் இலையோடு சுருட்டி எடுத்துவிடலாம். சத்தமோ கேட்கவே வேண்டாம், நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும் போடுகிற போட்டியில் ஒரு குழந்தையின் அழுகை யார் காதில் விழப் போகிறது?

குழந்தையின் குணத்தை மாற்றாமல் இடத்தை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதைப் பந்தி காட்டுகிறது. பிற்பாடு வந்த ஒவ்வொரு மாற்றமும் இந்த வசதிகளில் ஒன்றிரண்டைக் கழித்துக்கொண்டே வந்தது.

நகரத்தில் தெருவோரக் கடைகளில் நிலைமை வேறு. அங்கே சமைப்பது கண் முன்னால் நடக்கும். சமைக்கிறவரே வேடிக்கை காட்டுகிறவர். மாவு உருண்டையைத் தட்டி, வீசி, காற்றில் விரித்து, கண்ணாடி மாதிரி ஆக்கிக் கல்லில் போடும் ரொட்டி சானாய்க்காரர். சிங்கப்பூரில் அதையே பராட்டா என்பார்கள். ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு முழம், இரு முழம் என்று தேநீரை இழுத்து ஆற்றுபவர். பனிக்கட்டியைச் சீவி, கையாலேயே உருண்டை பிடித்து, சிவப்பும் பச்சையுமாகச் சர்க்கரைப் பாகு ஊற்றிக் கொடுப்பவர். பழைய பயிற்சிப் புத்தகத் தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கடலை போடும் கச்சான் பூத்தேக்காரர். அந்தத் தாளில் யாருடைய கணக்குப் பாடத்திலோ ஆசிரியர் போட்ட சிவப்பு மைக் குறி தெரியும் என்பது நம் தொழிலுக்குக் கிடைத்த ஒரு கௌரவம்! சுடச்சுட வரும் கோப்பியைச் சாசரில் ஊற்றி ஆற்றிக் குடிப்பதையும், பிள்ளைக்கு ஒரு மடக்கு கொடுப்பதையும் பழைய கோப்பிக்கடைகளில் பார்த்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பார்ப்பதற்கு இவ்வளவு இருக்கும்போது குழந்தைக்குத் தனியாக விளையாட்டுப் பொருள் எதற்கு?

ஆனால் அந்தத் தெருவை ரொம்பவும் பொன்னாக்கிவிடக் கூடாது. சாக்கடை ஓரம், ஈ, எலி, பாத்திரம் கழுவச் சுத்தமான குழாய்த் தண்ணீர் இல்லாமை. சிங்கப்பூரில் 1950இல் அங்காடிக்காரர்கள் பற்றி ஒரு விசாரணைக் குழுவே அமைக்க வேண்டியிருந்தது. 1968, 1969 ஆண்டுகளில் தீவு முழுவதும் தெருக்கடைக்காரர்களைப் பதிவு செய்தார்கள். 1971இலிருந்து 1986 வரை உணவங்காடி நிலையங்களைக் கட்டி அவர்களைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்தார்கள். தண்ணீரும் கழிவுநீர் வசதியும் வந்தன. சிறு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு எவ்வளவு ஆபத்து என்று தெரிந்தவர்கள் இதைக் குறைத்துப் பேச மாட்டார்கள். இந்த உணவங்காடிப் பண்பாட்டைத்தான் யுனெஸ்கோ 2020 டிசம்பர் 16 அன்று தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. புகைபிடிக்கும் தடையும் குழந்தைகளுக்குக் கிடைத்த லாபம்தான். சிங்கப்பூரில் உணவங்காடி நிலையங்களுக்கும் கோப்பிக்கடைகளுக்கும் 2006 ஜூலையில் அது வந்தது. மலேசியாவில் எல்லாச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் 2019 ஜனவரி முதல் நாளில் வந்தது.

ஆனால் கூரைக்குக் கீழே வந்தபோது குழந்தைக்கு ஒரு நஷ்டமும் சேர்ந்தே வந்தது. பல நிலையங்களில் மேசையும் முக்காலியும் தரையோடு பொருத்தப்பட்டவை. முதுகு சாய இடமில்லை, குழந்தையை மேசைக்கு அருகே இழுக்கவும் வழியில்லை. கடைக்காரர் தடுப்புக்குப் பின்னால் போய்விட்டார், வேடிக்கை மறைந்தது. ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் இடம் பிடித்துக்கொண்டு குழந்தையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். இடம் பிடிக்க டிஷ்யூத் தாள் பொட்டலம் போதும், ஆனால் குழந்தையை அங்கே அப்படி வைத்துவிட்டுப் போக முடியாதே! காத்திருத்தல் என்ற புதிய விஷயம் குழந்தையின் சாப்பாட்டுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

நாற்காலி, மேசை, பட்டியல் வைத்த உணவகங்களின் கதை தனி. வெள்ளைக்காரர் வீடுகளில் சிறு பிள்ளைகளுக்கு முன்னேரத்திலேயே ஆயா அல்லது அமா சாப்பாடு ஊட்டிவிடுவது வழக்கம், பெரியவர்களின் இரவு விருந்து மேசையில் அவர்களுக்கு இடமில்லை. நம்மவர் சைவக் கடைகள் அப்படியல்ல. சிங்கப்பூர் ஆனந்த பவன் 1924இலும் கோமளவிலாஸ் 1947இலும் தொடங்கின. இட்லி என்ற ஒன்றை வைத்திருந்த இனம் குழந்தையோடு கடைக்குப் போக ஓரளவு தயாராகவே இருந்தது என்பது என் கருத்து. மெத்தென்று இருக்கும், பல் வேண்டாம், கையில் பிடிக்கலாம், சொன்ன இரண்டு நிமிடத்தில் வந்துவிடும்.

குழந்தையையே வாடிக்கையாளராக முதலில் பார்த்தவை விரைவு உணவகங்கள். கோலாலம்பூரில் 1963இலும் சிங்கப்பூரில் 1966இலும் ஏ அண்ட் டபிள்யூ வந்தது. மலேசியாவுக்கு கே.எஃப்.சி. 1973இல் வந்தது. மெக்டோனல்ட்ஸ் சிங்கப்பூரில் 1979 அக்டோபரிலும், கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் 1982 ஏப்ரலிலும் திறந்தது. உயர நாற்காலி, வண்ணச் சுவர், பொம்மை, பிறந்தநாள் விழா, சில கிளைகளில் சறுக்கு மரம். உணவின் தரம் பற்றி நமக்கு ஆயிரம் குறை இருக்கலாம். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையோடு நுழைகிற தாயை யாரும் முறைக்காத கடையாக அது இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பந்தி கொடுத்த அந்த நிம்மதியை அவர்கள் காசாக்கினார்கள். பொம்மை எவ்வளவு வலிமையான தானம் என்பதற்கு 2000 ஜனவரி சாட்சி. ஹலோ கிட்டி பொம்மைகளுக்காகச் சிங்கப்பூரில் விடிய விடிய வரிசையில் நின்றவர்கள் குழந்தைகள் அல்லர், பெரியவர்கள்.

கைப்பேசி கடைசியாக வந்தது. ஐபோன் 2007, ஐபேட் 2010. மேசையில் அதை நிறுத்தி வைத்தால் குழந்தை அசையாது. பெற்றோர் சூடாகச் சாப்பிடலாம். இதை ஒழுக்கக் குறைவு என்று திட்டுவதற்கு முன் கைகளை எண்ணிப் பாருங்கள். 1960இல் சிங்கப்பூரில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஐந்து குழந்தைகளுக்கு மேல். 2023இல் அது 0.97. இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு கடைவாசலில் உலாத்திய அக்கா இன்று பிறக்கவே இல்லை. அத்தை வேறு அடுக்குமாடியில், பாட்டி வேறு ஊரில். நான்கு பக்கமும் இருந்த கைகள் போன இடத்தில்தான் அந்தக் கருவி வந்து உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து மேசைக்காரரின் முறைப்புக்குப் பயந்து அதைக் கொடுக்கிற பெற்றோரையும், கொடுத்ததற்காக முறைக்கிற அதே பக்கத்து மேசைக்காரரையும் நான் ஒரே நாளில் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் ஆசிரியர் என்ற முறையில் எனக்கு ஒரு கவலை உண்டு, அது மொழிக் கவலை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயது முதல் நான்கு வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் தந்த வழிகாட்டி, சாப்பாட்டு வேளையில் திரையைத் தவிர்க்கச் சொல்கிறது. இவை உடல்நலக் கணக்கு. எங்கள் கணக்கு வேறு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 48.3 விழுக்காடு. பத்தாண்டுக்கு முன் 32.3. தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் குழந்தையோடு முகம் பார்த்துப் பேச வார நாளில் கிடைப்பதே கொஞ்ச நேரம். வார இறுதியில் ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்காருவது சாப்பாட்டுக் கடையில்தான். அங்கே எத்தனை சொல் கிடக்கிறது! சூடு, ஆறிடுச்சு, ஊது, காரம், புளிக்குது, பிசை, உருட்டு, சிந்தாதே, போதும், இன்னும் கொஞ்சம், மாமா வர்றாரு, தண்ணி கேளு, நன்றி சொல்லு. மரியாதை வடிவம் முதற்கொண்டு அத்தனையும் புழக்கத்தில் வருகிற இடம் அது. பாலர் பள்ளிக்கு வரும் ஒரு பிள்ளைக்கு "கரண்டி" தெரியாமல் "ஸ்பூன்" மட்டும் தெரிந்திருப்பது பற்றி நான் அலட்டிக்கொள்வதில்லை. "ஊதிக் குடி" என்றால் என்ன செய்வது என்று தெரியாமல் விழிப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அப்படியானால் என்னதான் செய்வது என்று இளம் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அவர்களில் பலர் இப்போது புதுப் பெற்றோர். வரலாற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பந்தியில் காத்திருத்தல் இல்லை. ஆகவே குழந்தைக்கு ஓர் இட்லியோ பழமோ முதலில் வரட்டும், மற்றவர் சாப்பாடு பிறகு. பசி உச்சத்தில் ஏறிய பிறகு கடைக்குள் நுழைவதைவிட அரை மணி முன்னதாகப் போவது எவ்வளவோ மேல். தெருக்கடையில் வேடிக்கை இருந்தது, ஆகவே குளிர்சாதன மூலையைவிட ரொட்டிக்காரர் தெரிகிற மேசை நல்லது. அவர் வீசுவதை எண்ணலாம்: ஒண்ணு, ரெண்டு, மூணு. அக்கா செய்த வேலையை அப்பாவும் அம்மாவும் முறை வைத்துச் செய்யலாம், ஒருவர் சாப்பிட, ஒருவர் வாசல் வரை ஒரு நடை. இருபது நிமிடம் உட்கார்ந்ததே அந்த வயதுக்குப் பெரிய காரியம், அதற்கு மேல் எதிர்பார்ப்பது நம் தப்பு. சிந்தியதைக் கிளம்பும் முன் நாமே துடைத்து எடுத்தால் கடைத் தம்பியும் அடுத்த முறை சிரித்த முகத்தோடு வருவார். நான்கு உபாயங்களில் தண்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பரிமாற வருகிற அங்கிளைப் பூச்சாண்டி ஆக்கினால், பிறகு அவர் தட்டைக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் குழந்தை அலறும். கைப்பேசி வேண்டவே வேண்டாமா என்றால், காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளையோடு மருந்தகத்திலிருந்து நேரே கடைக்கு வந்த தாயிடம் போய் நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

அந்த வேறு மாதிரியான தாளைப் பற்றி முழுதும் சொல்லவில்லை. "நாங்க எங்கடி கடைக்குப் போனோம்" என்று கேட்ட பாட்டி, கடைசியில் ஒரு தடவை போனதை ஒப்புக்கொண்டிருக்கிறார். மகனுக்கு அப்போது இரண்டு வயது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுப் பேருந்துக்குக் காத்திருந்த நேரம், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாமாக் கடை. பிள்ளை மேசைக்கு அடியில் புகுந்து ஒரே ரகளை. ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர் ஒன்றும் பேசாமல் நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளி, எண்ணெய் தொட்டு, பிள்ளையின் உள்ளங்கையில் வைத்திருக்கிறார். பேருந்து வரும்வரை அவன் அதையே தட்டிக்கொண்டிருந்தானாம். தாளின் அடியில் மாணவி எழுதியிருந்தாள்: "அந்த மாவு அழுக்காகிக் கறுத்த பிறகும் அப்பா வீடு வரைக்கும் கையை விரிக்கவில்லை என்று பாட்டி சொன்னார்."